வேனில் வந்த ஓட்டு

“அந்தச் சிடுமூஞ்சிக்கு நம்மளைக் கண்டாலே ஆகலைங்க” என்று வாஷிங் மெஷின் மெக்கானிக்கின் காதில் கிசுகிசுத்தாள் அவர் மனைவி.

சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்துக்குக் காலையில் முதலில் வந்து உட்கார்ந்தவர்கள் இவர்கள்தான். ஆனால் பின்னால் வந்தவர்களை எல்லாம் வரிசையாக உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார் உதவியாளர். இந்தப் பக்கம் திரும்பினால் கண்ணாடிக்கு மேலாக ஒரு முறைப்பு மட்டும்.

வந்த காரியம் சின்னதில்லை. மனைவிக்கு இதய வால்வில் கோளாறு, ஆபரேஷன் செய்தாக வேண்டும். ஏற்கெனவே நோய் இருக்கிறது என்று எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியும் சேர்த்துக்கொள்ளவில்லை. சேர்த்துக்கொள்கிறோம் என்ற ஒரே கம்பெனி கேட்ட பிரீமியம், கடை வாடகையைத் தாண்டியது.

நோயைக் காட்டி யாரையும் தள்ளக் கூடாது, எல்லோருக்கும் ஒரே கட்டணம் என்று ஒரு மசோதா அன்று மதியம் ஓட்டுக்கு வருகிறது. உறுப்பினர் அம்மாள் எந்தப் பக்கம் என்று இன்னும் வாய் திறக்கவில்லை. நம்ம கதையை நீ போய்ச் சொல்லு என்று கடைத்தெருவே கூடி மெக்கானிக்கை அனுப்பியிருந்தது.

தப்பான ஆளை அனுப்பிவிட்டார்கள். போன மாதம் இதே அலுவலகத்தில், உறுப்பினர் எதிரே உட்கார்ந்ததும் “வணக்கம் மேடம்” என்றார். அப்புறம் “வரேன் மேடம்” என்றார். நடுவில் ஒன்றுமில்லை. கையில் ஸ்பானர் இருந்தால்தான் அவருக்கு வாய் திறக்கும். மனைவி பேசலாம் என்றால், கொஞ்சம் உரக்கப் பேசினாலே மூச்சு வாங்கும்.

ஒருவழியாகக் கூட்டம் தீர்ந்தது. மெக்கானிக் எழுந்தார். உதவியாளர் கையமர்த்தினார்.

“நேரமாச்சு. மேடம் சபைக்குக் கிளம்பறாங்க.”

“ரெண்டே நிமிஷம் சார்…”

“ரெண்டு நிமிஷத்துல நீங்க என்ன பேசிக் கிழிச்சிடப் போறீங்க?”

மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. “இவர் வீட்டுல யாருக்கும் தும்மல்கூட வராது போல” என்றாள், அவர் காதில் விழட்டும் என்றே.

உறுப்பினர் வெளியே வந்து கார் எங்கே என்றார். ஸ்டார்ட் ஆகவில்லை என்றார் உதவியாளர். நான் பார்க்கட்டுமா என்று மெக்கானிக் முன்னால் வர, வாஷிங் மெஷின் பார்க்கிறவர் காரில் கை வைக்க வேண்டாம் என்று வாயை அடைத்தார். டாக்ஸி? மழைக்கு ஒன்றும் சிக்கவில்லையாம். அப்புறம், அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் சொன்னார்.

“இவங்க வேன் வாசல்லதான் நிக்குது மேடம்.”

முன்சீட்டில் மூன்று பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பின்னால் கயிறு கட்டிய பழைய வாஷிங் மெஷின் ஒன்று, ஒவ்வொரு பள்ளத்துக்கும் மறுமொழி சொல்லிக்கொண்டு வந்தது.

ஸ்டியரிங்கைப் பிடித்ததும் மெக்கானிக்குக்குப் பேச்சு வந்துவிட்டது. முதல் சிக்னலில் வால்வைப் பற்றிச் சொன்னார். பாலத்து நெரிசலில், இன்ஷூரன்ஸ்காரர்கள் போனில் சொன்ன பதில்களை அந்தந்தக் குரலிலேயே பேசிக் காட்டினார். உறுப்பினர் வாய்விட்டுச் சிரித்தார். தையல்காரரின் சர்க்கரை வியாதி, பேக்கரிக்காரரின் முதுகுவலி என்று கடைத்தெரு முழுக்க அந்த வண்டியில் ஏறிக்கொண்டது.

“எங்கிட்ட ஒரு மெஷின் வந்தா, ‘இது ஏற்கெனவே ரிப்பேர், திருப்பி எடுத்துட்டுப் போங்க’ன்னு சொல்ல முடியுமா மேடம்? ரிப்பேர் ஆகும்னுதானே நான் கடையே வெச்சிருக்கேன்.”

இதற்கு உறுப்பினர் சிரிக்கவில்லை. மனைவியின் பக்கம் திரும்பி, மாடிப்படி ஏற முடிகிறதா என்று கேட்டார்.

“பாதி நான் ஏறுவேன் மேடம். மீதிக்கு இவர் தூக்கிட்டுப் போவாரு. வாஷிங் மெஷின் தூக்கிப் பழகின கைதானே.”

சபை வாசலில் இறங்கியதும் உறுப்பினர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மசோதாவுக்கு ஆதரவாகத்தான் தன் ஓட்டு என்றார். அந்த ரிப்பேர் விஷயத்தை உள்ளே சொல்லலாமா என்று மெக்கானிக்கிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, படியேறிப் போனார்.

வேனுக்குப் பின்னால் ஒரு கார் வந்து நின்றது. உறுப்பினரின் கார். டிரைவர் பக்கத்திலிருந்து ஃபைலும் கையுமாக இறங்கினார் உதவியாளர்.

மெக்கானிக் திகைத்துப் போனார். “ஸ்டார்ட் ஆகலைன்னு சொன்னீங்களே சார்?”

“போன மாசம் உள்ள வந்து ஊமையா உட்கார்ந்துட்டு, வெளிய போய் டயர் மாத்திக்கிட்டே உங்க வீட்டம்மாகிட்ட என்ன போடு போட்டீங்க. ஜன்னல்ல நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்.”

உதவியாளர் மனைவியின் பக்கம் திரும்பி, கண்ணாடிக்கு மேலாக அதே முறைப்பு முறைத்தார்.

“மத்தவங்களுக்கெல்லாம் அஞ்சஞ்சு நிமிஷம்தாம்மா கொடுத்தேன். உங்களுக்கு மட்டும்தான் முக்கால் மணி நேரம் ஒதுக்கியிருந்தேன்.”