எழும்பாத இடது கை

மன்னார்புரம் மைதானத்து வேப்பமர நிழலில் கூடையோடு நிற்கிறாள் அக்னஸ். வெயிலில் அவள் கணவர் ஸ்தனிஸ்லாஸ், பிரேக் இன்ஸ்பெக்டரிடம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார். அவர்களுடைய பழைய ஆஸ்டின் காருக்கு எஃப்.சி. தகுதிச் சான்று கிடையாதாம். கார் திரும்பும்போது கதவோரத் தூணிலிருந்து எழும்பிச் சைகை காட்டும் குட்டிக் கைகளில் வலது எழும்புகிறது, இடது எழும்பவில்லை. “என் வீட்டுக்காரி பக்கத்துல உட்கார்ந்தா எழும்புங்க சார்.” இன்ஸ்பெக்டரின் மீசை துடிக்கிறது. அக்னஸுக்கு வெட்கம் பிடுங்கித் தின்கிறது. ஆனாலும் போய் முன்சீட்டில் தன் இடத்தில் உட்கார்கிறாள். ஸ்தனிஸ்லாஸ் சிக்னல் சுவிட்சை இடப்பக்கம் திருப்புகிறார். கல்யாணமான நாளிலிருந்து ஒவ்வொரு இடது திருப்பத்திலும் செய்வதுபோலவே, அவள் தூணை விரல்முட்டியால் ஒரு தட்டு தட்டுகிறாள். கை டக்கென்று எழும்பி, அதனுள் மஞ்சள் விளக்கு கண் விழிக்கிறது. “சரி, அம்மா வராத அன்னைக்கு என்ன பண்ணுவீங்க?” “அவ இல்லாம நான் இந்த வண்டியை எடுத்ததே இல்லீங்களே சார்.” இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு, பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகுகிறார். “ரிப்பேர் பண்ணிட்டு வாங்க.” ஸ்தனிஸ்லாஸ் முணுமுணுத்துக்கொண்டே சுவிட்சை அணைக்கிறார். கை இறங்கவில்லை, அதற்கும் ஒரு தட்டு வேண்டும். இத்தனை வருஷத்தில் ‘அவ இல்லாம’ என்றொரு வார்த்தையை அவர் வாயால் கேட்டிராத அக்னஸ், எழும்பி நிற்கும் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். தட்டவில்லை.