ஆடாத ஃபைனல்

“டீமை ஆடவிடாம பண்ணது நான்தான் சார். வேற யாரும் இல்ல.”

பெர்சிஸின் குரல் நடுங்கவில்லை. கல்லூரி விளையாட்டு விசாரணைக் குழுவின் தலைவர் கோவிந்தசாமி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“யோசிச்சு சொல்லும்மா. ஃபைனலுக்கு வந்துட்டு கிரவுண்டுல இறங்கலன்னா சும்மா விட முடியாது. ஒத்துக்கினா ரெண்டு வருஷம் வாலிபால் ஆட முடியாது.”

“தெரியும் சார்.”

பக்கத்து நாற்காலியில் கேப்டன் ரோஷினி தலை நிமிரவே இல்லை.

போன மாதம் அந்தப் பேச்சை ஆரம்பித்ததே அவள்தான். “நம்ம ஜெர்ஸியில ஷூ கம்பெனி பேரு. அவன் குடுக்கிற லட்சமெல்லாம் காலேஜுக்கு. நமக்கு ரெண்டு முட்டை, ஒரு வாழப்பழம். மாசம் மூவாயிரமாவது குடுத்தாத்தான் ஆடுவோம்னு சொல்லிடலாம்டி.”

பெர்சிஸுக்குச் சுருக்கென்றது. அவள் அம்மா ஜெபகனி ஆம்பூரில் அதே கம்பெனியில் ஷூ தைக்கிறவள். மகள் விளையாட ஒரு ஜோடி ஷூ வாங்க, சூப்பர்வைசரிடம் அட்வான்ஸ் கேட்டு நின்றவள்.

“அப்ப செமி ஃபைனல்லயே நிறுத்திடலாம்க்கா.”

“வேணாம். ஃபைனல்ல பண்ணாத்தான் உறைக்கும்.”

ஃபைனல் அன்று எதிரணி வலைக்கு அந்தப் பக்கம் காத்திருக்க, இவர்கள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஆடாமலே கோப்பை எதிரணிக்குப் போனது. கல்லூரி ஒரு ரூபாய்கூடத் தரவில்லை, புகார்தான் எழுதியது.

நேற்று ரோஷினி குடியாத்தத்திலிருந்து பஸ் ஏறி பெர்சிஸ் வீட்டுக்கே வந்துவிட்டாள். “அப்பா தறி ஓட்டித்தான் சாப்பிடறோம். என் பேர்ல கேஸ்னு ஒரு வரி விழுந்துட்டா எல்லாம் போச்சுடி” என்று அழுதாள்.

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரோஷினி அக்கா எழுதப்போகும் போலீஸ் தேர்வை நினைத்துக்கொண்டாள் பெர்சிஸ். பழியைத் தானே ஏற்பதென்று அப்போதே முடிவு செய்துவிட்டாள்.

கோவிந்தசாமி எழுதி முடித்தார். “பெர்சிஸுக்கு ரெண்டு வருஷம் தடை. மத்தவங்க மேல நடவடிக்கை இல்ல.”

வெளியே வந்ததும் ரோஷினி அவளைக் கட்டிக்கொண்டாள். பெர்சிஸுக்கு மிச்சமிருந்த படிப்பே இரண்டு வருடம்தான். கல்லூரிக்காக இனிப் பந்தைத் தொட முடியாது. இருந்தும் மனசு லேசாகத்தான் இருந்தது.

“அடுத்த வருஷம் நீ கப்பு அடிச்சிட்டு வாக்கா. அது போதும்.”

ரோஷினி பதில் சொல்வதற்குள் கிளார்க் எட்டிப் பார்த்தார். “ரோஷினி யாரும்மா? உன் மேல கேஸ் இல்லன்னு ஆயிடுச்சு. காலேஜ் மாறி ஆடுறதுக்கு என்ஓசி ரெடி. கையெழுத்து போட்டு வாங்கிக்கோ.”

அவள் வாங்கிய தாளைப் பெர்சிஸும் பார்த்தாள். அதிலிருந்தது, ஆடாமல் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போன அதே கல்லூரியின் பெயர்.

“மாசம் பதினஞ்சாயிரம் தர்றாங்கடி” என்றாள் ரோஷினி, தாளை மடித்தபடி.

பெர்சிஸ் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். “ஃபைனல் முடிஞ்சப்புறம் கூப்ட்டாங்களாக்கா?”

ரோஷினி வேறெங்கோ பார்த்தாள்.

“இல்லடி. பேசி மூணு மாசம் ஆவுது.”