மாடிப்படிக் கதவுக்கு ஒற்றை நட்சத்திரம்

"அழிச்சுடுன்னா அழிச்சுட வேண்டியதுதானே, அதுக்கு எதுக்கு இத்தனை—"

"எதை அண்ணி அழிக்கணும், நான் எழுதினதையா, இல்ல நடந்த—"

"இரு, நான் பேசி முடிச்சுக்கறேன். ஒத்தை நட்சத்திரம். என் கடைச் சாமானுக்கு. போட்டது யாரு, என் தம்பி பொண்டாட்டி."

"பூஜ்யம் போடத்தான் பார்த்தேன் அண்ணி. அந்த வசதி அதுல இல்லை."

நாத்தனார் பேத்தியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. நாற்காலியிலிருந்த தம்பிக்காரன் செய்தித்தாளுக்குப் பின்னால் போய்விட்டான்.

நாத்தனார் நடத்துவது குழந்தைச் சாமான் கடை. தம்பி மனைவிக்கோ, குழந்தைச் சாமான்களைப் பற்றி இணையத்தில் எழுதுகிற பழக்கம். எதையும் மாதக்கணக்கில் புழங்கிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுவாள். 'மூடி பிரமாதம், கோப்பைதான் ஒழுகுகிறது' என்பாள். 'குளியல் தொட்டி நல்ல தொட்டி. துணி ஊறவைக்கலாம்' என்பாள். அவள் உதட்டைப் பிதுக்கின சாமான் கடையில் தூசி படிந்து கிடக்கும்.

நேற்று எழுதியது மாடிப்படிக் கதவைப் பற்றி. நடை பழகுகிற குழந்தை படிப்பக்கம் போய்விடாமலிருக்க மாடியில் மாட்டுகிற சின்னத் தடுப்பு.

'சாத்தினால் டிக் என்று கேட்கிறது. சத்தம் முதலில் வந்துவிடுகிறது, கொக்கி பிறகுதான் விழுகிறது. சில நாள் விழுவதே இல்லை. காதை நம்பி நகர்ந்துவிடாதீர்கள்.'

இந்த வீட்டுக்கு அதைக் கொண்டுவந்து மாட்டியதே நாத்தனார்தான். "டிக்னு கேட்டுச்சா, நீ உன் வேலையைப் பார்க்கப் போயிட்டே இரு" என்று சொல்லியும் கொடுத்தாள்.

அப்படி டிக்கைக் கேட்டுவிட்டுத்தான் ஒருநாள் தம்பி மனைவி துணி மடிக்கப் போனாள். மகள் அத்தனை படியும் உருண்டு கீழே கிடந்தாள். புருவத்தில் தையல்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நாத்தனார் தம்பியிடம் சொன்னது கொஞ்சம்தான்.

"இவ சாத்தியிருக்க மாட்டா."

அவன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து, அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தால் அவன் போய்த் திருகிப் பார்ப்பான். அவள் வாசற்கதவைப் பூட்டினால் எழுந்து வந்து ஒரு தரம் இழுத்துப் பார்ப்பான். வாயைத் திறந்து ஏதாவது சொன்னால் சண்டையாவது போடலாம். அதற்கும் வழியில்லை.

"வாடா, நீயும் வந்து பாரு," என்று நாத்தனார் பேத்தியோடு மாடியேறினாள். தம்பி பின்னால் போனான். அவள் மட்டும் கீழேயே நின்றாள்.

மேலே கதவைச் சாத்தும் ஓசை. டிக்.

"கேட்டுதா? இதுல என்ன குறையைக் கண்டே? சாத்தறதுக்குன்னு ஒரு பொறுப்பு வேணும். அது இருந்தாப் போதும்."

"நல்லாவே கேட்டுது அண்ணி." அவள் கைப்பேசியைக் கையில் எடுத்தாள். "அழிச்சுடறேன். பேத்தியை அங்கேயே இறக்கி விடுங்க. இப்பச் சாத்தின மாதிரியே சாத்திட்டு ரெண்டு பேரும் கீழே வாங்க, டீ போடறேன். நீங்க குடிச்சுட்டுக் கப்பைக் கீழே வைக்கறதுக்குள்ள அழிச்சுடறேன்."

புதிதாகக் கால் முளைத்த குழந்தை. இறங்க வேண்டுமென்று உதைத்தது, நெளிந்தது. நாத்தனார் இறக்கவில்லை.

"புது இடம். அழுவா."

"அழட்டும் அண்ணி. கதவுதான் இருக்கே."

"ஜலதோஷம் வேற பிடிச்சிருக்கு. தரை சில்லுனு இருக்கு."

"பாய் விரிச்சு வச்சிருக்கேன் பாருங்க. பொம்மைகூடப் போட்டிருக்கேன்."

விரித்துத்தான் இருந்தது. நாத்தனார் பாயைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள். குழந்தையைச் சுற்றியிருந்த கை இறுகியது. குழந்தை வலித்துச் சிணுங்கியது. அப்போதும் பிடி தளரவில்லை. தம்பி அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

பிறகு நாத்தனார் பேத்தியை மார்போடு அணைத்து, கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. வாசலில் செருப்பை மாட்டுகிறபோதும் குழந்தையைக் கீழே விடவில்லை.

மகளுக்குத் தையல் பிரித்த அன்றே இந்த வரிகள் அவள் மனசில் தயார். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களிடம் அந்தக் கதவு வேண்டாம் என்று வாயால் சொல்லிவைத்தாள், எழுதவில்லை. நாத்தனாரின் பேத்தி அப்போது தவழக்கூட ஆரம்பிக்கவில்லை. தவழட்டும், பிடித்துக்கொண்டு நிற்கட்டும், கையை விட்டு நடக்கட்டும் என்று காத்திருந்தாள். நடந்தது. நேற்று சனிக்கிழமை, தன் மகளை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்து எழுதினாள். படித்ததும் அண்ணி ஓடி வருவாள். பேத்தி இடுப்பில்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கேயும் போக மாட்டான்.

எத்தனையோ அம்மாக்கள் அதைப் படித்துவிட்டு அவளுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். அவள் எழுதியது அவர்களுக்காக இல்லை.

அவன் இன்னும் மேலேயே நின்றான். அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

"இப்பச் சொல்லுங்க. அன்னிக்கு நான் கதவைச் சாத்தினேனா, இல்லையா?"