திரையில் ஒரு பெருவிரல்
ஈஜோக் தோட்ட ஆபீசில் காலை வெயில் கணினித் திரைமேல் சாய்வாக விழுகிறது. டிஸ்கெட்டில் வந்த ஆயத்தப் பொத்தான் படங்களில் ஒன்றை எடுத்து, எடைக் கணக்கு நிரல் எழுதும் பல்கீஸ் தன் முதல் திரையில் வைத்திருக்கிறாள். திரை காட்டும் பழ எடை சரியென்றால், பொறுக்கியவர் அதை அமுக்க வேண்டும். ஆட்களுக்குப் பிடிபடாவிட்டால் மத்தியானமே கணினியைத் திருப்பி அனுப்பிவிடுவாராம் மானேஜர். செம்பனை உதிரிப்பழம் பொறுக்கும் அஞ்சலை எடையைப் பார்க்கிறாள். சம்பள நாளில் செய்வதுபோல் பெருவிரலை நீல மையில் தோய்த்து, திரைக் கண்ணாடியில் தெரியும் பொத்தான்மேல் பதிக்கிறாள். “மெஷின் இன்னிக்கே போயிரும் லா,” என்று கணக்கெழுதும் கிராணி சிரிக்கிறார். அஞ்சலையின் கை பின்வாங்குகிறது. “தப்பான எடத்துல வச்சிட்டேனா, தங்கச்சி?” பல்கீஸ் மையைத் துடைக்காமல் விசைப்பலகையை அவள் பக்கம் நகர்த்துகிறாள். “எடம் சரிதான்க்கா. இப்ப இந்த நீளக் கட்டைய அமுக்குங்க.” அமுக்குகிறாள். நீல ரேகைக்குப் பின்னால் பொத்தான் உள்ளே போய் எழுகிறது.