சாம்பல் நிற ஜோடி

கண்ணாடிக் கிடங்குக்கு மூன்று ஜோடி கையுறைகள் சோதனைக்கு வந்தன. எது நல்லது என்று சொல்ல வேண்டியவர்கள், ஒன்பது வருடமாகப் பெரிய கண்ணாடிகளை ஆளுக்கொரு முனையில் தூக்கும் தணிகாசலமும் பெஞ்சமினும். தோல் உறை நாள்பட உழைக்கும் போலிருந்தது, ஆனால் விரல் மடங்கவில்லை. சாம்பல் நிறப் பின்னல் உறையைக் கத்தியால் கீறினாலும் அறுபடவில்லை. கண்ணாடிதான் கொஞ்சம் வழுக்கியது. ரப்பர் உறை பசை போலப் பிடித்தது, கத்தி பட்டதும் கிழிந்தது.

"சாம்பலையே கேப்போம்டா," என்றான் தணிகாசலம்.

"லூசு! பிடி நழுவுனா ரெண்டு பேரும் காலி. ரப்பர்னு எழுது மச்சான்."

எழுதினான். அன்று மாலையே சாம்பல் ஜோடியைக் காணவில்லை. மூலை முடுக்கெல்லாம் கூடவே தேடியவன் பெஞ்சமின்.

மூன்றாம் மாதம், எட்டடிக் கண்ணாடி ஒன்று நடுவழியில் சறுக்கியது. இருவரும் இறுக்கிப் பிடித்தார்கள். இருவரின் ரப்பரும் உள்ளங்கையில் கிழிந்தது. தணிகாசலத்தின் மணிக்கட்டு வழியே ரத்தம் இறங்கியது. பதறிப்போய்க் கண்ணாடியின் ஊடே எதிர்முனையைப் பார்த்தான், அவனுக்கும் அறுத்திருக்குமே என்று.

பெஞ்சமினின் கிழிசலில் ரத்தம் இல்லை. சாம்பல் நிறம் தெரிந்தது.

"விட்டுடாத மச்சான்! இன்னும் பத்தடிதான், நட!"

தணிகாசலம் விடவில்லை. நடக்கவும் இல்லை. அவன் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான் என்று பெஞ்சமின் மெல்லத் தன் கையைப் பார்த்தான்.