நல்ல ஆலன் கீ

ஊட்டி மார்க்கெட் ஹார்டுவேர் கடையில் யூனிஸ், போல்ட்டுக் குழியில் செருகித் திருகும் ஆலன் கீ செட்டுகள் இரண்டை மாற்றி மாற்றிப் பார்த்தாள். சைக்கிளைக் கழற்றிப் பெட்டியில் கட்டி, வாங்குகிறவருக்கு இன்றைக்கே பார்சலில் போட வேண்டும். தேயிலை விலை விழுந்து ஃபேக்டரியை மூடிய பிறகு, விற்பதற்கு வீட்டில் மிஞ்சியது அதுதான். கணவர் தனசிங்கின் ரிப்பேர் சாமான்களெல்லாம் பூட்டிய ஃபேக்டரிக்குள் கிடந்தன.

“ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?”

“இது நல்ல இரும்புங்க்கா, ஆயுசுக்கும் வரும். அது மட்டம். ரெண்டு திருகு திருகினா போல்ட்டுக் குழியே உருண்டையாயிரும். அப்புறம் ஆண்டவரே வந்தாலும் கழட்ட முடியாது.”

“அந்த டார்க் ரெஞ்சுங்க?”

“திரும்ப மாட்டறப்ப வேணும். முறுக்கினது போதும்னு டிக்குனு சொல்லிரும். போல்ட்டு கெடவே கெடாது.”

“அது வேண்டாங்க. அந்த மட்டத்தையே குடுங்க.”

“காசு மெதுவாக் குடுங்க்கா, நல்லதை எடுத்துட்டுப் போங்க.”

“பரவால்லைங்க.”

வீட்டில் தனசிங் ஒரு கீயை எடுத்து விரலால் தடவினார். ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். தொட்டாலே இரும்பின் தரம் சொல்லிவிடுவார். யூனிஸ் அடுப்பைப் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டாள்.

“நல்லதாப் பார்த்துத்தான் வாங்கியிருக்கே” என்றார்.

ஹேண்டில் போல்ட்டில் கீயைச் செருகி, அது வழுக்க வழுக்க, குழி உருண்டையாகும்வரை விடாமல் திருகினார். பிறகு வாங்குகிறவருக்குப் போன் போட்டார்.

“மன்னிச்சுக்கங்க, சைக்கிளைக் கழட்ட முடியலை. எங்க பையன் உசுரோட இருக்கறப்ப முறுக்கினதுங்க. அசைய மாட்டேங்குது.”