செமிலிங் பாலம்

இருளப்பன் தட்டில் இருந்த மரவள்ளிக்கிழங்கு முழுவதையும் தின்று, தண்ணீர் குடித்த பிறகுதான் வாயைத் திறந்தான்.

"அழகேசன் அண்ணன் போய்ட்டாரு அண்ணி. வாந்திபேதி."

மருதம்மாள் தட்டை எடுக்கவில்லை. வாசற்படியில் நின்றிருந்த அழகேசனின் அக்கா காளியம்மா முகத்தை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

சயாமில் ரயில் பாதை போடுவதற்கு ஜப்பான்காரன் அழகேசனை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் ஒன்றரை வருடம் ஆகிறது. அவன் செத்துப்போனதாகச் சொல்லிக்கொண்டு வந்தவர்களில் இவன் மூன்றாவது ஆள்.

முதலில் வந்தவன் அழகேசன் நல்ல உயரம் என்றான். அழகேசன் குள்ளம். அடுத்து வந்தவன் அவனுக்கு இல்லாத தங்கப்பல்லைப் பற்றிப் பேசினான். இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். புக்கிட் செலம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஒரு சாவுச் செய்திக்கு ஒரு வேளைக் கிழங்கு கிடைக்கும். பாதையில் இருந்து தப்பி வந்தவர்களுக்கு அது தெரிந்திருந்தது. சயாம் பக்கமே போகாதவர்களுக்கும் தெரிந்திருந்தது.

இருளப்பன் கணுக்காலில் புண்ணுக்கு இலை வைத்துக் கட்டியிருந்தான். புண் யாருக்கும் இருக்கலாம்.

மேல் லயத்து வீடுகளில் இருக்கும் பாப்பம்மா இப்படி ஒருவன் பேச்சை நம்பித் தாலியைக் கழற்றினாள். பதினாறாம் நாள் காரியமும் முடிந்தது. போன மாதம் அவள் புருஷன் நடந்தே வந்து சேர்ந்தான். அவளுக்கு மறுபடியும் தாலி கட்டுவதா வேண்டாமா என்று இன்னும் யாரும் முடிவு சொல்லவில்லை.

மருதம்மாளின் தாலியில் இருந்த பொட்டுத் தங்கம் அரிசிக்குப் போய்விட்டது. மஞ்சள் கயிறு மட்டும் கழுத்தில் இருந்தது.

காளியம்மாதான் கேட்டாள்.

"என் தம்பிகூட எட்டு மாசம் இருந்தேங்கிற. அவன் என்னதான் பேசுவான், சொல்லு பாப்போம்."

"ஊரைப் பத்தித்தான். காய்ச்சல்ல கிடக்கிறப்ப எல்லாரும் சொல்லச் சொல்லிக் கேட்போம். சின்ன வயசுல செமிலிங்ல வளர்ந்த கதை."

மருதம்மாளின் கை தட்டின் விளிம்பில் நின்றது.

இருளப்பன் சொன்னான். அப்பா மாட்டுவண்டிக்காரர். படகுத்துறையில் மூட்டைகளை இறக்கிவிட்டு வெறும் வண்டி திரும்பும். பின்பக்கம் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து வரலாம். அலி நானாவின் சாப்பாட்டுக்கடை வந்ததும் மாடு தானாக நின்றுவிடும். வாழைப்பழத் தோல் கிடைக்காமல் நகராது. அலி நானா தோலை மாட்டுக்குக் கொடுத்துவிட்டு, பழத்தை வண்டியின் பின்பக்கம் நீட்டுவார்.

வருடத்துக்கு ஒரு தடவை கூடாரம் போட்டுப் படம் காட்டுவார்கள். டிக்கெட் இல்லாதவர்கள் திரைக்குப் பின்னால் உட்காரலாம். அங்கிருந்து பார்த்தால் ராஜாக்கள் எல்லோரும் இடது கையால் வாள் வீசுவார்கள்.

"அப்புறம் அந்த மரப்பாலம். ஆத்துல கடல்தண்ணி ஏறுற நேரத்துல மேல இருந்து குதிச்சாராம். மேல வெதுவெதுன்னு இருக்குமாம், உள்ள போகப் போக ஜில்லுனு காலைப் பிடிக்குமாம். அதை மட்டும் தினம் கேட்போம். அங்க அவ்வளவு வேக்காடு."

காளியம்மா சிரித்தாள். அவள் சிரித்து வெகுநாளாகிவிட்டது.

"என் தம்பி இதே லயத்துல பொறந்தவன்லா. டவுன்ல ஒரு ராத்திரி தங்கினதில்ல. முழங்கால் தண்ணியில இறங்கச் சொன்னாலே அழுவான். செமிலிங் இவ பொறந்த ஊரு, வண்டிக்காரர் இவ அப்பன். வர்ற வழியில எவன்கிட்டயோ விசாரிச்சுட்டு, பொண்டாட்டி கதையைப் புருஷன் தலையில கட்டிட்டியே தம்பி."

அவர் சொன்னதைத்தான் சொல்கிறேன் என்று இருளப்பன் முனகினான்.

காளியம்மா அதற்குள் படி இறங்கிவிட்டாள். இவனும் பொய்யன்தான், தம்பி உயிரோடு இருக்கிறான் என்று வீடு வீடாகச் சொல்லிக்கொண்டு போனாள். கடைசி வீடு வரை அவள் குரல் கேட்டது.

மருதம்மாள் அவளைத் திருப்பிக் கூப்பிடவில்லை. சட்டியில் மீதியிருந்த கிழங்கை எடுத்து இருளப்பனின் தட்டில் வைத்தாள். அது அவளுக்கு மறுநாளைக்கு என்று வைத்திருந்தது.

"என்னைக்கு?" என்று கேட்டாள்.

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான்.

"அங்க தேதி ஏது அண்ணி. சித்திரையா வைகாசியா, தெரியல. அமாவாசைக்கு மறுநாள்."

அவள் தலையசைத்தாள்.

மாடு நின்ற கதை செமிலிங்கில் எல்லோருக்கும் தெரியும். அலி நானா இன்னும் அதே கடையில்தான் இருக்கிறார், கேட்டால் அவரே சொல்வார். திரைக்குப் பின்னால் பாதி ஊர் உட்கார்ந்திருந்தது.

பாலத்தின் மேல் அவள் ஏறியதும் உண்மைதான். பையன்கள் ஒவ்வொருவராகக் குதித்தார்கள். தன் முறை வந்தபோது கைப்பிடிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தாள். பிறகு வந்த வழியே இறங்கி வீட்டுக்குப் போய்விட்டாள். கல்யாணம் வரைக்கும் அதைச் சொல்லி ஊரே கேலி செய்தது.

குதித்தேன் என்று அவள் பொய் சொன்னது ஒரே ஒருவனிடம்தான். கல்யாணமான புதிதில், தண்ணீருக்குப் பயந்த புருஷனிடம். மேலே வெதுவெதுப்பு, உள்ளே ஜில்லென்று என அவளாகவே இட்டுக்கட்டிச் சொன்னாள்.

அதை மட்டும் அவனும் தினம் சொல்லச் சொல்லிக் கேட்பான்.